அரிட்டாபட்டி வல்லூறும் அழகர் குதிரையும்

கேமரா கேட்டு வீட்ல அப்ளிகேஷன் போட்டாச்சா பாஸ்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருநாள் மதுரையைச் சுத்தி வாங்க. பிரிட்ஜ் கேமராவா, டி.எஸ்.எல்.ஆரா என்ற பஞ்சாயத்தை ஊரே தீர்த்துவெச்சிடும்.

காலையில் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே இருக்கிற குடைவரைக் கோயில் எந்த கேமராவுக்கும் சிக்கும். லகர் வல்லூறு சிக்காது. அது உட்கார்றது பாறை உச்சியில. கிட்டே போய் தொந்தரவு பண்ணவும் கூடாது. இங்கே பிரிட்ஜ்தான் ஹீரோ!

பார்க்க டி.எஸ்.எல்.ஆர். ஜாடைதான். ஆனா, லென்ஸைக் கழற்ற முடியாது. (அதனால ஆடிக் காத்துப் புழுதி சென்சார்ல ஏறுற கவலையும் குறைவு.) உள்ளே கண்ணாடி கிடையாது, வியூஃபைண்டர்ல தெரியறது குட்டி ஸ்கிரீன். 2015-ல் வந்த நிக்கான் பி900-ல் 83 மடங்கு ஜூம். 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமம்னு சொல்வாங்க. நிஜ லென்ஸ் 357 மி.மீ.தான்! மீதி வித்தை சென்சாரோடது. அகலம் சுமார் 6 மி.மீ., உயரம் நாலரை. சின்ன ஜன்னல் வழியா பார்த்தா காட்சியில ஒரு துண்டுதானே தெரியும்? அந்தத் துண்டே முழுப் படமாகும்போது வல்லூறு பக்கத்துல வந்துடுது. டி.எஸ்.எல்.ஆர்.ல இவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கணும்னா லென்ஸ் விலை லட்சங்கள்ல, எடை கிலோ கணக்குல.

உச்சி வெயில்ல ஒத்தக்கடையில நின்னு யானைமலையை ஜூம் பண்ணாதீங்க. சூடான காத்துல மலையே நெளியும். எந்த கேமராவா இருந்தாலும் இதே கதிதான்.

சாயங்காலம் திருமலை நாயக்கர் மஹால். தூண்களுக்கு நடுவே இருட்டு இறங்க இறங்க, பிரிட்ஜ் படத்துல புள்ளி புள்ளியா மண் தூவின மாதிரி ஆகும். காரணம், காலையில கைகொடுத்த அதே பொடி சென்சார். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். சென்சாரோட பரப்பு இதைவிட சுமார் 13 மடங்கு. மழைத்தண்ணி பிடிக்க ஒருத்தர் டம்ளர், இன்னொருத்தர் அண்டா வெச்ச கதை.

மீனாட்சி கோயிலுக்குள்ள இந்தப் பஞ்சாயத்தே இல்லை. கேமரா ஏற்கெனவே கூடாது. 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்கும் தடை.

நிஜமான பரீட்சை சித்திரைத் திருவிழா. விடிஞ்சும் விடியாத நேரம், தங்கக் குதிரையில அழகர் வைகையில இறங்குறார். ஆடி ஆடி வர்ற குதிரை கலங்காம பதியணும்னா ஷட்டர் சட்டுனு மூடணும். அதுக்கு அண்டா சென்சார் வேணும். டி.எஸ்.எல்.ஆர்.ல ஒரு 50 மி.மீ. லென்ஸ் மாட்டினாலே போதும். தூங்கா நகரத்துல திருவிழா பார்த்து வளர்ந்த என் ஓட்டு அதுக்குத்தான். நீங்க பறவைப் பைத்தியம்னா ஓட்டை மாத்திப் போடுங்க.

நிக்கானும் கேனனும் இப்ப மிரர்லெஸ் பக்கம் சாய்ஞ்சுட்டதால, பழைய டி.எஸ்.எல்.ஆர். செகண்ட்ஹேண்ட்ல நிறைய கிடைக்குது. வாங்குறப்ப ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க. பழைய பிரிட்ஜ்னா, ஜூமை முழுசா நீட்டி மடக்கிக் காட்டச் சொல்லுங்க.