பேய் பார்க்கப் போனோம்!

'பேய் ஊரு சார், பார்த்தே ஆகணும்!' என்று எங்கள் விளாங்குடி கோஷ்டியைக் கிளப்பிவிட்டவர் கேஷியர் நண்பர். ஞாயிற்றுக்கிழமை வேனில் கிளம்பிவிட்டோம், தனுஷ்கோடிக்கு.

இருபுறமும் கடல், நடுவே வெறும் மணல். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டதிலிருந்து கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! போட் மெயிலில் வந்திறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய ஊர் இது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் எல்லாம் போச்சு. ஸ்டேஷனை நெருங்கிய பாசஞ்சர் ரயிலையே அலை கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் பலி.

கூரையில்லாத சர்ச் முன்னால் கேஷியர் பேய் மாதிரி கையைத் தூக்கி நின்றார். போட்டோ எடுத்தது அடியேன்தான்.

தாகம். பாட்டில் காலி. குடிசையிலிருந்து வந்த ஒரு பாட்டி, மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு கொடுத்தார். கடலுக்குப் பக்கத்தில் அப்படியொரு நல்ல தண்ணி!

'இங்க யாருமே இல்லைன்னாங்களே பாட்டி?' உளறிவைத்தார் கேஷியர்.

'அப்ப நான் யாரு தம்பி, பேயா?' பாட்டி சிரித்தார். 'நீங்க படம் பிடிச்சீங்களே, அந்தக் கோயில்லதான் எனக்கு ஞானஸ்நானம். எங்க ஆத்தாவை அந்த ராத்திரி கடல் கொண்டுபோச்சு.'

பாம்பன் பாலம் வரை வேனில் மூச்சுப் பேச்சில்லை. அப்புறம் கேஷியர்தான் மெதுவாக, 'அந்தப் படத்தை அழிச்சிடுங்க சார்' என்றார்.

ஊற்றடியிலேயே அழித்திருந்தேன்.