அனுப்பியது யார்?

"இரவு சுமார் 02.30 மணியளவில் யூனிட் வளாகத்தில் நடமாடிக்கொண்டிருந்தபோது இண்டிவிஜுவல் வழுக்கி விழுந்து காயமடைந்ததாகத் தெரிவிக்கப்படுகிறது. அச்சமயம் அவர் பணியில் இல்லை."

ராணுவத்தின் காய அறிக்கைப் படிவத்தில் சம்பவச் சூழ்நிலையை எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்த இரண்டு வரிகளின் தமிழ் இது. இண்டிவிஜுவல் என்றால் ஜவான். பட்டாளத்துக் காகிதங்களில் அவர் பெயர் ஒருமுறை வரும். அதன்பிறகு கடைசிவரை இண்டிவிஜுவல்தான்.

என்னிடம் வந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். காலாட்படையில் ஒப்பந்தக் காலம் முழுவதும் முடித்து, குறைந்த மருத்துவத் தரத்தோடு வீடு திரும்பியவர். வலது தொடை எலும்பு முறிந்து, கூடியபோது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. பணிவிடுப்பு மருத்துவ வாரியம் 30 சதவீத ஊனம் என்று கணக்கிட்டிருந்தது, அதுவும் ஆயுள் முழுவதற்கும். ஊன ஓய்வூதியத்துக்கு 20 சதவீதம் போதும். ஆனால் அந்த ஊனம் ராணுவப் பணியால் வந்ததாகவோ, பணியால் அதிகரித்ததாகவோ இருக்க வேண்டும். வாரியம் இரண்டும் இல்லை என்று எழுதிவிட்டது. காரணம் எழுதவேண்டிய இடத்தில், "காய அறிக்கையைக் காண்க." காய அறிக்கையைப் பார்த்தால் மேலே சொன்ன இரண்டு வரி. முதல் மேல்முறையீட்டை நிராகரித்தவர்கள் வாரியத்தைப் பார்த்து எழுதினார்கள், இரண்டாவதை நிராகரித்தவர்கள் முதலாவதைப் பார்த்து எழுதினார்கள். இத்தனை கையெழுத்துக்களுக்கும் அடியில் இருந்தது ஒரே கட்டம்தான்.

நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் கட்சிக்காரர்கள் வழக்கமாக முடிவிலிருந்து தொடங்குவார்கள், அல்லது தாத்தா காலத்திலிருந்து தொடங்குவார்கள். இவர் என் மேஜையைக் கொஞ்சம் காலி செய்யச் சொன்னார்.

"சார், முதல்ல தரையைச் சொல்லிடறேன். உங்க ஜன்னல் பக்கம் வடக்கு."

ராணுவச் சட்ட உரைநூல் பாரக்ஸ் ஆனது. ஸ்டாம்ப் பேட் கார்டு ரூம். பேப்பர் வெயிட் மேல்நிலைத் தொட்டி, அதன் அடியில் பம்ப் அறை. என் இரும்பு அடிக்கோலை உரைநூலுக்கும் பேப்பர் வெயிட்டுக்கும் நடுவே சாய்த்து வைத்து, "இது படிக்கட்டு. பதினாலு படி. கைப்பிடி ஒரு பக்கம்தான்" என்றார். பிறகு நிலவரம். வடக்கே ஒரு மலைநிலையம், டிசம்பர் மாதம். தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் பாதையில் ஓடி உறைந்துவிடும், விடியற்காலையில் அந்த வழியாகத்தான் எல்லோரும் வரவேண்டும். பம்ப் பொறுப்பு இவருடையது. அன்று இரவு இவருக்கு கார்டு டியூட்டி இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார். கார்டு கமாண்டரான ஹவில்தார் வந்து எழுப்பி, மோட்டாரை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். போனார், நிறுத்தினார், திரும்பி இறங்கும்போது மேலிருந்து நாலாவது படியில் வழுக்கினார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் "கோயி ஷக்?" என்று கேட்டவர், தானே சிரித்துவிட்டார். பாடம் முடிந்ததும் பட்டாளத்தில் கேட்கும் கேள்வி அது. எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

கீழ்மட்ட ஜவானுக்கும் ராணுவம் இப்படி விவரிக்கச் சொல்லிக்கொடுக்கிறது. மணலில் மாதிரி அமைத்து, திசையைக் காட்டி, தரையைக் காட்டி, தகவல், நோக்கம், முறை, நிர்வாகம், தொடர்பு என்று வரிசையாகச் சொல்லும் பழக்கம் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வருவது. தலைப்புகளின் பெயர் மாறியிருக்கிறது, வரிசை பெரிதாக மாறவில்லை. அதிகாரிகளுக்கு இன்னும் விரிவான பயிற்சி உண்டு. நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் பணியாளர் கல்லூரியில், பத்திக்கு எண் போடுவதிலிருந்து நேரத்தை நாலு இலக்கத்தில் எழுதுவதுவரை கற்றுத் தருகிறார்கள். உத்தரவு என்றால் ஒரே ஒரு பொருள்தான் தரவேண்டும் என்பதற்காக இவ்வளவு கெடுபிடி.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1854 அக்டோபர் 25ஆம் தேதி, கிரிமியப் போரில், பாலக்லாவாவில் ஒரு மேட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு ஓர் உத்தரவு அனுப்பினார். எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் குதிரைப்படை தடுக்கவேண்டும் என்பது சாரம். எந்தப் பீரங்கிகள் என்று இல்லை. மேட்டில் நின்றவருக்குத் தெரிந்த பீரங்கி, பள்ளத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்குத் தெரியவில்லை. சுமார் 670 குதிரைவீரர்கள் மூன்று பக்கமும் பீரங்கி நின்ற பள்ளத்தாக்குக்குள் போனார்கள். உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் தொடக்கத்திலேயே இறந்துவிட்டதால் முக்கிய சாட்சியும் போயிற்று. தன்மேல் பழி விழுந்தபோது லூக்கன் ராணுவ நீதிமன்ற விசாரணை கேட்டார், கொடுக்கவில்லை. வக்கீலாகப் பார்த்தால் அந்த விசாரணை நடக்காமல் போனது பெரிய நஷ்டம்.

போருக்கு எழுதும்போது இருக்கும் கவனம் பென்ஷனுக்கு எழுதும்போது இருப்பதில்லை என்பதுதான் ராணுவக் காகிதங்களோடு பழகிய எனக்குக் கிடைத்த அபிப்பிராயம். எங்கள் காய அறிக்கையை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. முன்னால் இருந்த ஏதோ ஓர் அறிக்கையின் வாசகத்தை வைத்துக்கொண்டு, தேதியையும் நேரத்தையும் மாற்றியிருக்கிறார்கள். "நடமாடிக்கொண்டிருந்தபோது" என்று எழுதியாயிற்று. ராத்திரி இரண்டரை மணிக்கு, உறைபனியில், ஒருவன் ஏன் நடமாடுவான் என்று எழுதியவரும் கேட்கவில்லை, கையெழுத்திட்டவரும் கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவரோ அப்போது ராணுவ மருத்துவமனையில், காலில் எடை கட்டிப் படுத்திருந்தார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, காய அறிக்கையை "அனைத்து இணைப்புகளுடனும்" கேட்டு மனுப் போடச் சொன்னேன். கட்சிக்காரர்கள் வழக்கமாக அறிக்கையை மட்டும் கேட்பார்கள், அது மட்டும் வரும். இந்தமுறை அறிக்கைக்குப் பின்னால் ஒரு தாள் சேர்ந்து வந்தது. கார்டு ரூம் பதிவேட்டின் ஒரு பக்கம், ஹவில்தாரின் கையெழுத்தில், இந்தியில். எழுத்துப்பிழைகள் இருந்தன. இவ்வளவுதான் விஷயம்:

"0210. மேல்தொட்டி வழிகிறது. பாதையில் தண்ணீர் உறைகிறது. பம்ப் ஆளை எழுப்பி, மோட்டாரை நிறுத்த நான் அனுப்பினேன். 0225. மோட்டார் நின்றது. ஆள் திரும்பவில்லை. 0235. நான் போய்ப் பார்த்தேன். படிக்கட்டின் கீழே கிடக்கிறார். வலது கால் மடங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸ் கேட்டேன். 0255. ஆம்புலன்ஸ் வந்தது."

வழக்கே இந்தப் பக்கத்தில் இருந்தது. யார் அனுப்பியது, எதற்கு, எப்போது, யார் கண்டது, எல்லாம் இருக்கிறது. தெரியாத ஒன்றையும் ஹவில்தார் எழுதவில்லை. எப்படி விழுந்தார் என்பதை அவர் பார்க்கவில்லை, அதனால் அது இல்லை. சாட்சி சொல்ல வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அறிக்கையோடு நூல் போட்டுக் கட்டியிருந்த இந்தத் தாளை வாரியமும் மேல்முறையீட்டில் இருந்தவர்களும் புரட்டிப் பார்த்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 2015இல் மனுத் தாக்கல் செய்தோம். அங்கே இருவர் அமர்வார்கள். ஒருவர் நீதித்துறை உறுப்பினர், இன்னொருவர் ஓய்வுபெற்ற உயர் ராணுவ அதிகாரி. அதனால் என் சுருக்கக் குறிப்பை சிவில் கோர்ட்டுக்கு எழுதுவதுபோல எழுதவில்லை. முன்தீர்ப்புகளைக் கடைசிக்குத் தள்ளினேன். ஒரே பக்கம், என் கட்சிக்காரர் மேஜையில் சொன்ன அதே வரிசை, பதிவேட்டின் நேரங்கள், பக்கவாட்டில் பக்க எண். மேலே ஒரு சிறு வரைபடம்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர், உச்ச நீதிமன்றத்தின் எஸ்.என். முகர்ஜி தீர்ப்பை எடுத்து வைத்தார். 1990இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு அது. நிர்வாக முடிவுகளுக்குக் காரணம் எழுதவேண்டும் என்ற பொதுவிதியை நிலைநாட்டிய அதே தீர்ப்பு, ராணுவ நீதிமன்றத்தின் முடிவை உறுதிசெய்யும் அதிகாரி காரணம் எழுதத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறது. அந்த விலக்கு எனக்கு எப்போதுமே உறுத்தல்தான், ஆனால் சட்டம் அது. மருத்துவ வாரியம் ராணுவ நீதிமன்றம் அல்ல என்று நான் பதில் சொன்னேன். தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், ஊனத்துக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்லும் வாரியம் அதற்குக் காரணம் காட்டவேண்டும், நிரூபிக்கும் பாரம் ஜவான்மேல் இல்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே என்று தெளிவாக்கியிருக்கிறது. அது வலிப்பு நோய் பற்றிய வழக்கு, இது காயம் என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நோய்க்குக் காரணம் எழுதவேண்டியவர்கள் காயத்துக்கு எழுதாமல் விடலாமா என்றேன்.

வழக்கு உண்மையில் திரும்பியது வேறொரு விதியில். 1982ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகளில் 12ஆவது, பணியில் இருப்பது என்றால் என்ன என்று சொன்னது. அலுவல் வேலையைச் செய்வது பணி. அதோடு, எந்த வேலையைச் செய்யாவிட்டால் ராணுவச் சட்டப்படி குற்றமாகுமோ, அதைச் செய்வதும் பணி. ராணுவ உறுப்பினர் அதுவரை குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், அரசு வழக்கறிஞரிடம் கேட்டார்:

"கார்டு கமாண்டர் எழுப்பி, போய் மோட்டாரை நிறுத்து என்றால், ஜவான் மாட்டேன் என்று சொல்லலாமா?"

"சொல்ல முடியாது, சார்."

"சொன்னால்?"

"பிரிவு 41, சார். மேலதிகாரியின் உத்தரவை மீறுவது."

"ஹவில்தார் மேலதிகாரியா?"

அவர் நேர்மையான மனிதர். ராணுவச் சட்டத்தின் விளக்கப் பிரிவின்படி ஹவில்தார் போன்ற ஆணைபெறா அதிகாரிகளும் (என்.சி.ஓ.) மேலதிகாரியில் அடக்கம் என்று அவரே வாசித்தார். அதற்குமேல் நான் வாதிட எதுவும் மிச்சமில்லை.

காய அறிக்கையின் "பணியில் இல்லை" என்ற முடிவு அதன் இணைப்புக்கே முரண் என்று தீர்ப்பாயம் சொன்னது. ஊனம் ராணுவப் பணியால் விளைந்தது. 30 சதவீதத்தை, ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 50ஆக உயர்த்திக் கணக்கிட உத்தரவாயிற்று. நிலுவை, தர்செம் சிங் தீர்ப்பின்படி, மனுவுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டுமே. அதற்கு முந்தைய வருடங்கள் போனது போனதுதான்.

பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பையனுக்கு அடிபட்டது என்று போன் வந்தால், முதலில் உடம்பை விசாரியுங்கள். அவன் எழுந்து உட்கார்ந்ததும் காய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சூழ்நிலை எழுதும் கட்டத்தில் யார் சொல்லிப் போனான், எந்த வேலைக்குப் போனான் என்பது இல்லையென்றால், திருத்தம் கேட்டு அப்போதே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். உடனிருந்தவர்கள் வேறு யூனிட்டுக்கு மாற்றலாகிப் போவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.