இலை போடாத பேர்

தீபாவளிக்கு முதல்நாள் படையலில் செத்தவங்க எல்லாருக்கும் இலை உண்டு, பாட்டியோட அப்பாவைத் தவிர.

1943-இல் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மூணு மாசத்தில் திரும்பிடலாம் என்று சொல்லித்தான். பாட்டிக்கு அப்போது மூன்று வயது. 415 கிலோமீட்டர் ரயில் பாதை அந்த அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பொறியியல் படித்தவனுக்கு இந்த வேகம் பயத்தைத்தான் தருகிறது. பாறையை உளியும் சுத்தியலும் வைத்து உடைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் காஞ்சனபுரி போனேன். போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பேரோடு. தோட்டத்து ஆளுக்கு அந்த மயானத்தில் பேர் போட்ட கல் கிடையாது.

வந்ததும் பாட்டியிடம் சொன்னேன். இந்தத் தீபாவளிக்காவது இலை போடலாமே என்றேன்.

"எங்கப்பா பேரு இருந்துச்சா?"

"இல்ல பாட்டி."

"அப்புறம் என்னாத்துக்குடா?"

நான் விரித்த இலையை எடுத்துச் சுருட்டி வைத்தார்.