டன் கணக்கு

சைலேஜ் போட, அதாவது பசுந்தட்டை வெட்டிக் குழியில் புளிக்க வைக்க, எங்கள் தாராபுரம் பக்கம் மூன்று விதமாகக் கூலி பேசுவோம். ஏக்கர் கணக்கு, மணிக் கணக்கு, டன் கணக்கு. ஏக்கருக்குப் பேசினால் வெட்டு வண்டிக்காரன் பறப்பான். மணிக்குப் பேசினால் ஊர்வான். டன்னுக்குப் பேசினால் என்ன செய்வான் என்பது மாடு வளர்க்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வண்டி வைத்திருக்கும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதற்கு மாறினேன்.

"எடை மேடை பொய் சொல்லாதுங்க" என்பேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பொய் சொல்லாதுதான். ஆனால் டிப்பரில் இருப்பது சோளத்தட்டா தண்ணீரா என்று எடை மேடைக்குத் தெரியாது. இளசாக வெட்டினால் எடை ஏறும். பிளேடு தேயாது. டீசல் மிச்சம். எல்லாமே என் பக்கம்.

அப்படி நான் வெட்டப் போன இடங்களில் ஒன்று ஓர் அக்காவின் காடு. மாடுகளை வைத்தே குடும்பம் நடத்துகிறவர். கோடைக்கு ஒரு குழி நிறையத் தீவனம் வேண்டும் என்று மக்காச்சோளம் போட்டிருந்தார். வண்டி போய் நின்றதும் ஒரு கதிரை ஒடித்து என்னிடம் நீட்டினார். மணியின் மேல்பாதி மாவாகி, கீழ்ப்பாதி பாலாக நிற்பதுதான் வெட்டும் பருவம். இது முழுக்கப் பால்.

"ஏனுங் தம்பி, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாங்களா?"

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்கக்கா. அப்புறம் வண்டி உடுமலைக்குப் போயிரும்."

மழைக்கு அறிகுறியே இல்லை. உடுமலையில் வேலையும் இல்லை. அங்கே வெட்டாவிட்டால் வண்டி அன்று சும்மாதான் நிற்கும். வண்டிக் கடன் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லியிருந்தால்கூட அவர் ஒத்துக்கொண்டிருக்கலாம். தவணைக்குப் பயப்படுகிறவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. அந்த வீம்புக்காக மழையை இழுத்தேன்.

முதல் டிப்பர் வந்தது. வெட்டிய தூளை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தேன். கையை விரித்ததும் உருண்டை மெல்ல உதிர்ந்தால் பக்குவம். என் விரலிடுக்கில் சாறு வடிந்தது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, டிரைவரிடம் "ஓட்டு" என்றேன். நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

கணக்கை இங்கேயே வைத்துவிடுகிறேன். பருவத்தில் வெட்டிய தட்டில் 100 கிலோவுக்கு 33 கிலோ அளவுக்கு உலர்பொருள் இருக்கும். அவ்வளவு இளம் தட்டில் 22 கிலோ இருந்தால் அதிகம். அப்படிப் பார்த்தால், நான் போட்டுக் கொடுத்த ஒவ்வொரு 10 டன்னிலும் இருந்த உலர்பொருள், பருவத்துத் தட்டில் ஏறக்குறைய 6.7 டன்னில் அடங்கிவிடும். மீதி 3.3 டன் வெறும் உபரித் தண்ணீர். அதை வெட்டவும் ஏற்றவும் குழியில் கொட்டவும் அக்கா எனக்குக் காசு கொடுத்தார்.

குழியிலும் ஏய்த்தேன். அரை அடிக்கு அரை அடி பரப்பி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் டிராக்டரை ஏற்றி இறக்கி மிதிக்க வேண்டும். காற்று வெளியேறினால்தான் தட்டு புளித்து நிற்கும். ஆனால் மிதிக்கிற நேரத்துக்கு டன் கணக்கில் கூலி கிடையாது. கொட்டச் சொன்னேன், கொட்டச் சொன்னேன், கடைசியில் மேலாக ஓட்டி முடித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் குழியைத் திறந்திருக்கிறார். பக்குவமான சைலேஜ் மோர்ப்புளிப்பாக மணக்கும். இது அழுகல் நாற்றம். அடியில் கறுப்புத் தண்ணீர், ஓரமெல்லாம் பூஞ்சை. மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அந்தக் கோடை முழுக்க வைக்கோலும் புண்ணாக்கும் விலைக்கு வாங்கினார். பால் குறைந்தது. நல்ல கறவை ஒன்றை விற்றார். அந்த மாட்டுப் பாலில்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. இது எனக்கு அப்போதே தெரியும்.

போனில் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "எதனால தம்பி இப்படி ஆச்சு?" என்றுதான் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "தார்ப்பாயைச் சரியா மூடாம விட்டுட்டீங்களாக்கா? காத்து போயிருக்கும்" என்றேன். வெட்டியதில் செய்ததைவிட இதுதான் கேடு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்குந் தம்பி, ஒரு ஓரம் தூக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார்.

இப்போது வெட்டுக்கூலி தனி, மிதிகூலி மணிக்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசுகிறேன். கதிர் பாலாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறேன். இதைக் கேட்டு என்னை நல்லவன் என்று எண்ண வேண்டாம். அக்காவின் பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விஷயம் பரவினால், அந்தப் பருவத்தில் நான் குழி போட்ட மற்றவர்களும் வந்து கேட்பார்கள். அவர்கள் தட்டையும் நான் இளசாகத்தான் வெட்டினேன்.

யாராவது சைலேஜ் பற்றி விசாரித்தால் அந்த அக்கா என் நம்பரைத்தான் கொடுக்கிறாராம். தார்ப்பாயை மட்டும் நன்றாக மூடிக்கொள்ளுங்கள், நான் அதில்தான் ஏமாந்தேன் என்று சொல்லி அனுப்புகிறாராம். அப்படி வந்தவர்களுக்கும் நான் வேலை செய்து கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறேன்.