காகத்துக்கு ஆள் தெரியும்



நம்ம பாடசாலை முற்றத்து வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. கீழால் போகும் பிள்ளைகளைக் கொத்த வருகிறது, கூட்டைக் கலையுங்கள், இல்லாவிட்டால் கொப்பை வெட்டுங்கள் என்று இந்தக் கிழமை மட்டும் நாலைந்து பெற்றோர் சொல்லிவிட்டார்கள். பயம் நியாயம்தான். வெட்டுவதற்கு முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

அந்தக் காகம் எல்லோரையும் கொத்துவதில்லை. இடைவேளையில் நின்று பார்த்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மரத்தடியிலேயே இருந்து சாப்பிடுகிறார்கள்; காகம் திரும்பியும் பார்ப்பதில்லை. மேல் வகுப்பில் மூன்று பேர் வெளியே வந்தால் மட்டும் கத்திக்கொண்டு பாய்கிறது. விசாரித்தால், கூட்டுக்குக் கல்லெறிந்தவர்கள் அந்த மூன்று பேரும்தான்.

காகத்துக்கு மனிதர்களின் முகம் நினைவிருக்கும். 2006இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோன் மார்ஸ்லஃப் குழுவினர் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு 7 காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. வேறு முகமூடி போட்டுப் போனால் பேசாமல் இருந்தன. முதல் சில வருடங்களில் கத்தும் காகங்கள் கூடிக்கொண்டே போயின. பிடிபடாத காகங்கள் மற்றவற்றைப் பார்த்தும், குஞ்சுகள் தாய் தகப்பனைப் பார்த்தும் படித்துக்கொண்டன. அது அமெரிக்கக் காகம், நம்முடையது சாம்பல் கழுத்து வீட்டுக் காகம். ஆனாலும் நெருங்கிய சொந்தம்.

ஆகவே கல்லெறிந்தால் காகம் போகாது. எறிந்தவனுக்குத்தான் பகையாளிகள் கூடுவார்கள்.

"காகத்தைக் கொல்லலாம் என்று ஹதீஸ் இருக்குதானே சேர்?" என்று ஒரு வாப்பா கேட்டார். தீங்கு தரும் ஐந்து பிராணிகளில் காகமும் சொல்லப்பட்டிருப்பது உண்மை. உயிருள்ள எதையும் எறிவதற்கு இலக்காக்க வேண்டாம் என்று தடுத்த ஹதீஸும் இருக்கிறது. ஆதம் நபியின் மகனுக்கு, இறந்த சகோதரனின் உடலை எப்படி மறைப்பது என்று காட்ட அல்லாஹ் அனுப்பியதும் ஒரு காகத்தைத்தான் (சூரா அல்மாஇதா, 31).

குஞ்சு பொரித்து மூன்று நான்கு கிழமையில் பறந்துவிடும். பிறகு தாய்க்காகம் விரட்டுவதும் குறையும். காகக் கூட்டில்தான் குயிலும் முட்டை இடும், ஆகவே அதில் ஒரு குயில் குஞ்சும் இருக்கலாம். அதுவரை மரத்தடியில் கயிறு கட்டி, பிள்ளைகளை மற்றப் பக்கத்தால் விடுவோம். அந்த மூன்று பேரோடும் நான் பேசுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாடசாலை மதிலடியில் மீன் கழிவுப் பையைக் கொண்டுவந்து போடாதீர்கள். நம்ம ஊரில் காகம் பெருகுவது மரத்தால் அல்ல, அந்தப் பையால். மரத்தை வெட்டினாலும் பை இருக்கும்வரை காகம் வரும். பையை நிறுத்துங்கள், காகம் தானாகக் குறையும், இன்ஷா அல்லாஹ்.