தத்துப் பிள்ளை

பெற்ற வீட்டில் விளக்கு அணைந்து போக, தத்துப் போன வீட்டில் பிள்ளை செழித்து வாழ்வதைச் சில குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். போன வீட்டின் பெயரைத் தாங்குவதுதான் தத்துப் பிள்ளைக்கு முறை. ஆனால் பிறந்த வீட்டின் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றிய ஒரு தத்துப் பிள்ளை உண்டு. அது மனிதப் பிள்ளையல்ல; மோட்டார் சைக்கிள். திருவொற்றியூரில் வளர்ந்த என்பீல்டு புல்லட்டைத்தான் சொல்கிறேன்.

அதன் பூர்வ கதை வேடிக்கையானது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பேர் போனது போல, இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர் போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி சைக்கிள் செய்யக் கிளம்பியது; 1891-இல் கை மாறியது. என்பீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த பெருமையில், அந்த ஊரின் பெயரையே தன் சரக்குக்கும் சூட்டிக்கொண்டது. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்பது அதன் விளம்பர வாசகம். துப்பாக்கி இருந்தால் குண்டு வேண்டாமா? 1932-இல் ஒரு வண்டிக்குப் 'புல்லட்' என்று பெயரிட்டார்கள்.

நாம் சுதந்திரம் பெற்ற பிறகு, எல்லைப்புறத்தில் ரோந்து சுற்ற நம் இராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற சென்னைக் கம்பெனி இந்த வண்டிகளை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் புல்லட்டுகள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆகவே 1955-இல் ரெட்டிச்சுக்காரர்களும் சென்னைக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. சில வருஷங்களில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று.

இதற்குள் பெற்ற வீட்டுக்குக் கெட்ட காலம். ஜப்பான் வண்டிகள் வந்து இங்கிலாந்தின் பழைய கம்பெனிகளை ஒவ்வொன்றாய்ச் சாய்த்தன. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது; அடுத்த சில வருஷங்களில் கம்பெனியே இல்லாமல் போயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அதே புல்லட், அதே 350 சி.சி. எஞ்சின், அதே 'டப் டப்' என்ற நாடித் துடிப்போடு பிறந்துகொண்டிருந்தது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பாட்டி வீட்டுக்குப் பேரன் வந்து சேர்ந்தது போலத்தான்.

இதெல்லாம் நம்முடைய பக்தியால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். வேறு வண்டி வாங்க நமக்கு வழியில்லை. இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு லைசென்ஸ், பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பு என்றிருந்த காலம் அது. போலீஸும் இராணுவமும் விடாமல் வாங்கின. போட்டியில்லாத கடையில் சரக்கை மாற்ற யாருக்குத்தான் தோன்றும்? ஆனால் ஒரு பொருளைச் சாகாமல் வைத்திருப்பது அதைச் செய்கிறவர்கள் மட்டும் அல்லவே!

கூமாப்பட்டியில் என் மாமாவிடம் ஒரு புல்லட் இருந்தது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பி, வத்திராயிருப்பைத் தாண்டினால் கூமாப்பட்டி வரும். மலையடிவாரம், பிளவக்கல் அணையின் தண்ணீர், நெல், தென்னை, மாந்தோப்பு. எழுபதுகளில் மாமா அந்த வண்டியைப் போலீஸ் ஏலத்தில் எடுத்தார். அது வந்த நாள் முதல் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பேர் சொல்லாமலே தெரியும், யார் போகிறார், யார் வருகிறார் என்று. கிணற்று மோட்டார் புகைந்து போனால், அதைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, காயில் கட்டுவதற்கு இராஜபாளையம் கொண்டு போவார். உர மூட்டை, விதை மூட்டை, காய்ச்சல் கண்ட அத்தை, எல்லோருக்கும் அதே பின்சீட்டுத்தான்.

அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். டீகம்ப்ரஷர் கைப்பிடியை இழுத்துப் பிடித்துப் பிஸ்டனை இம்மியளவு நகர்த்தவேண்டும். அப்புறம் ஒரே மிதி. அவசரக்காரன் மிதித்தால் கிக்கர் திரும்பி வந்து கணுக்காலைப் பதம் பார்க்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எண்ணெய் சொட்டுகிறதே என்று யாராவது கேட்டால், "சொட்டுதுன்னா உள்ளே இருக்குன்னு அர்த்தம் மாப்பிள்ளை!" என்று சிரிப்பார் மாமா.

வத்திராயிருப்பில் ஒரு மெக்கானிக் இருந்தார், இன்னும் இருக்கிறார். டாப்பெட் சரிபார்க்க அளவுகோல் எதையும் அவர் எடுத்து நான் கண்டதில்லை. எஞ்சின் ஆறியிருக்கும் போது புஷ்ராடை இரண்டு விரலால் பிடிப்பார். விரலுக்கு இணங்கிச் சுழலவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதுதான் கணக்கு. புல்லட்டின் விஷயத்தில் கம்பெனி ஒப்புக்கொண்ட கணக்கும் அதுவே. உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போடுவார். தமிழ்நாடெங்கும், பஞ்சாப் வரைக்கும், இப்படி எத்தனை ஆயிரம் கைகள் இந்த வண்டியைத் தொட்டுப் பார்த்து மூச்சு விட வைத்திருக்கும்!

எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டுறவோடு இலேசான வண்டிகள் வந்து இறங்கின. கொஞ்சம் பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடின, எண்ணெய் சொட்டவில்லை, கணுக்காலை உதைக்கவில்லை. புல்லட்டுக்குக் கஷ்ட திசை ஆரம்பித்தது. 1994-இல் ஐஷர் கம்பெனி அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அப்படியும் நஷ்டம் தீரவில்லை. 2000-ஆம் ஆண்டில் விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று யோசித்த போது, முதலாளியின் மகன் சித்தார்த்த லால், வயது 26, கொஞ்சம் அவகாசம் கேட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் செய்ததில் நான் மெச்சுவது ஒன்று உண்டு. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எண்ணெய் ஒழுகிய பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போயிற்று. அலுமினிய எஞ்சின் வந்தது. தனித்தனியாக இருந்த எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் போயின. கியர் இடது காலுக்கு மாறியது. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் உருவத்தையும் அந்த நிதானமான துடிப்பையும் விடவில்லை. 2009-இல் 'கிளாசிக்' என்ற வண்டி வந்தது. பார்வைக்கு ஐம்பதுகளின் வண்டி. உள்ளே புதிய காலம். அதற்கு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2013-இல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை. 2024–25-ஆம் வருஷத்தில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனை. எழுபது வருஷத்துக்கு முன் சில நூறு வண்டிக்காகத் தொடங்கிய வீட்டில் இப்படி ஒரு பெருக்கம்!

2025-ஆம் வருஷம் கைபேசிப் படங்களின் புண்ணியத்தில் கூமாப்பட்டியின் பெயர் நாடெங்கும் பரவியதல்லவா? அணையைப் பார்க்க இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பலர் வந்தது புது என்பீல்டில். அவர்களில் ஒருவர் எங்கள் தோப்புப் பக்கம் வந்தவர், சாய்ப்பில் சாக்குப் போர்த்தி நின்ற மாமாவின் வண்டியைக் கண்டுவிட்டார். மாமா காலமாகி அப்போது மூன்று வருஷம். வந்தவர் சொன்ன விலை, ஒரு புது வண்டியின் விலைக்குச் சற்றே குறைவு. அத்தையின் மகனுக்கு வாயெல்லாம் பல். பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்டவேண்டிய மாதம் அது.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வாங்கி ஓட்டுவீங்களா தம்பி, நிப்பாட்டி வைப்பீங்களா?"

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. "பாலிஷ் போட்டு ஹால்ல வைக்கப் போறேன் அம்மா. இதை ஓட்ட எனக்குத் தெரியாது. ரொம்ப மரியாதையா வச்சுக்குவேன்" என்றான்.

அத்தை தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்து நாள் கழித்து, வத்திராயிருப்பு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அதில் கால் பங்கு விலைக்கு, அதையும் தவணையாகத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். மகன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. காலேஜ் பணத்துக்கு நகை அடகுக்குப் போயிற்று.

அவன் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். வட்டி கட்டுகிறவன் அவன். ஆனால் அத்தை செய்ததையும் வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க மனம் வரவில்லை. முப்பது, நாற்பது வருஷம் இந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தவர்களுக்குப் புதுச் செல்வத்தில் பங்கில்லை. புது வண்டியில் பெட்ரோலை அளந்து விடுவது மின்னணுப் பெட்டி. அதை மெக்கானிக்கின் விரல் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அவர் பட்டறையில் இப்போது பாதி வேலை மொபெட்டுகளுக்குப் பஞ்சர் ஒட்டுவது. மறுபிறவி எடுத்தது வண்டி. அதைப் பிழைக்க வைத்த கைக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அத்தைக்கு இந்த வியாபாரச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. தெரியாமலே, கொடுக்கவேண்டிய ஒரு பங்கை அவள் கொடுத்துவிட்டாள் என்று எனக்குப் படுகிறது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, மெக்கானிக் அதில்தான் பட்டறைக்குப் போய் வருகிறார். தவணை மாதா மாதம் தவறாமல் வருகிறது. இன்னும் எண்ணெய் சொட்டுகிறதாம்.