ஜோம்பிக் கதை எழுதுகிறவர்கள்

நம் ஊர்ப் பேய்க்கும் ஜோம்பிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, சொல்லிக்கொள்ள ஒரு குறையும் உண்டு. பேயோட்டுகிறவர் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்து முதலில் கேட்பதே, "நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு வந்தே?" என்றுதான். அதுவும் பதில் சொல்லும். கிணற்றில் விழுந்தவள், நகையைப் பறிகொடுத்தவள், கைக்குழந்தையை விட்டுப் போனவள் என்று ஒரு கதை இருக்கும். குறை தீர்ந்தால் போய்விடும். கிட்டத்தட்ட மனு கொடுக்க வந்தவர் மாதிரி. அரசு அலுவலகத்தில் 30 வருடத்துக்கு மேல் மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிய எனக்கு அந்தப் பேய்களிடம் பெரிய பயம் இருந்ததில்லை.

ஜோம்பி அப்படி அல்ல. செத்த உடம்பு எழுந்து நடக்கிறது. உள்ளே ஆள் இல்லை. கேட்டால் பதில் வராது. கோபம் இல்லை, பழி இல்லை, பசி மட்டும் இருக்கிறது. அது கடித்தவனும் அதுவாகவே ஆகிவிடுகிறான். தெரு, ஊர், நாடு என்று பரவிக் கடைசியில் உலகமே அழிகிறது. இதைப் பிள்ளைகள் ஆசை ஆசையாகப் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள். தமிழிலேயே 2016-இல் 'மிருதன்' என்று ஒரு படம் வந்தது. "எழுதுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜோம்பி பிறந்தது ஹாலிவுட்டில் அல்ல, ஹைத்தியில். நம் புதுச்சேரியைப் போல அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடம். அப்போது அதன் பெயர் சேன்-தொமேங். கரும்பும் காப்பியும் விளைவிக்க ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக வைத்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள். 1791-இல் அவர்கள் எழுந்தார்கள். 1804-இல் விடுதலை பெற்றார்கள். பிரெஞ்சு மொழியில் படித்து வளர்ந்த எனக்கு, அந்த மொழி பேசியவர்கள் ஒரு கரும்புத் தோட்டத்தில் என்ன செய்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

அந்த அடிமைகளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. செத்த பிறகாவது உயிர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய்விடும் என்பதே அது. அப்படியானால் அவர்களுக்கு எது பெரிய பயமாக இருந்திருக்கும்? செத்த பிறகும் ஒரு மந்திரவாதி எழுப்பி, மறுபடி வயலில் இறக்கி வேலை வாங்குவான் என்பதுதான். அதுதான் முதல் ஜோம்பி. அது யாரையும் கடிக்கவில்லை. தலை குனிந்து வேலை மட்டும் செய்தது. மக்கள் பயந்தது ஜோம்பியைப் பார்த்து அல்ல. தாங்களே ஜோம்பி ஆகிவிடுவோமோ என்றுதான்.

ஹைத்திக்காரர்கள் சொல்லும் கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜோம்பிக்கு உப்பில்லாமல்தான் சோறு போட வேண்டுமாம். தப்பித் தவறி ஒரு கல் உப்பு வாயில் பட்டுவிட்டால் அதற்கு நினைவு வந்துவிடும். தான் செத்துப் போனது தெரிந்து, அழுதுகொண்டே தன் குழியைத் தேடிப் போய்விடும். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாமும் சொரணை இல்லாதவனைப் பார்த்து, "சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கறே?" என்றுதானே கேட்கிறோம்! எங்கோ இருக்கும் தீவும் நம் ஊரும் உப்பை ஒரே விதமாகப் புரிந்துகொண்டிருக்கின்றன.

1915 முதல் 1934 வரை அமெரிக்கா ஹைத்தியைத் தன் படையின் பிடியில் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் எழுதிய பயண நூல் வழியாகத்தான் ஜோம்பி அமெரிக்க வாசகரிடம் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது. 1932-இலேயே படமும் வந்துவிட்டது. அடிமையின் பயம் முதலாளியின் வீட்டில் பொழுதுபோக்காகிவிட்டது. ஆனாலும் உள்ளே இருந்த பயம் செத்துப் போகவில்லை. வேறு வேறு எழுத்தாளர்களிடம் வேறு வேறு உருவம் எடுத்தது.

உலகம் அழியும் கதையை முதலில் எழுதியவர்களில் ஒருவர் மேரி ஷெல்லி. 'பிராங்கன்ஸ்டைன்' எழுதியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1815-இல் அவருடைய முதல் குழந்தை குறைப்பிரசவத்தில் பிறந்து சில நாளில் இறந்தது. அது உயிரோடு வந்துவிட்டது போலவும், நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது போலவும் கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மறுவருடம், 18 வயதில், செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கும் கதையை எழுத உட்கார்ந்தார். பின்னால் இன்னும் இரண்டு குழந்தைகள் போயின. 1822-இல் கணவர் கடலில் மூழ்கினார். 1824-இல் நண்பர் பைரன் இறந்தார். 1826-இல் 'கடைசி மனிதன்' என்ற நாவல் வந்தது. கொள்ளைநோயில் உலகமே போய் ஒரே ஒருவன் மிஞ்சுகிற கதை. கணவரையும் நண்பரையும் அதில் பாத்திரங்களாக வைத்திருக்கிறார். ஒரு குழந்தையைத் தவிர எல்லோரையும் இழந்த பெண் வேறு எந்தக் கதையை எழுதியிருக்க முடியும்?

அடுத்தவர் ரிச்சர்ட் மாதிசன். 1954-இல் 'ஐ ஆம் லெஜெண்ட்' எழுதினார். ஊரெல்லாம் நோயில் இரத்தம் குடிக்கும் பிணங்களாகிவிட, ஒருவன் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறான். இரவானால் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது முகம் தெரியாத பிசாசு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், அவனோடு ஒரே காரில் வேலைக்குப் போனவர். நோயில் இறந்த மனைவியை எரிக்க மனம் வராமல் அவன் யாருக்கும் தெரியாமல் புதைக்கிறான். அவளும் ஒருநாள் திரும்பி வருகிறாள். இந்த நாவலிலிருந்துதான் தன் படத்துக்கு யோசனை கிடைத்தது என்று ஜார்ஜ் ரொமேரோவே சொல்லியிருக்கிறார். 1968-இல் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அண்ணனும் தங்கையும் தகப்பன் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வருகிறார்கள். அண்ணன் முதலிலேயே சாகிறான். கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு வரும் கூட்டத்தில் அந்த அண்ணனே நிற்கிறான். தங்கையை இழுத்துக்கொண்டு போகிறான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தக் கதைகளில் நெஞ்சை அடைக்கும் இடம் இரத்தமும் சதையும் அல்ல. தெரிந்த முகம் வாசலுக்கு வருகிறது. அந்த முகத்துக்கு நம்மைத் தெரியவில்லை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

பணத்துக்காகவும் பரபரப்புக்காகவும் எழுதுகிறவர்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்கி எழுதியவரிடமும் உண்மைப் பயம் இருக்கலாம். மோப்பசானை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நாங்கள் படித்த ஆசிரியர். அவரும் பாரிஸில் கடற்படை அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்! பத்திரிகைகளுக்குக் கதை எழுதியே பிழைத்தவர். 1887-இல் அவர் எழுதிய 'லெ ஒர்லா' என்ற கதையில் ஒருவன் நாட்குறிப்பு எழுதுகிறான். இரவில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்து தன் குடுவைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவதாக அவனுக்குச் சந்தேகம். என்ன செய்கிறான் தெரியுமா? குடுவைகளை வெள்ளை மஸ்லின் துணியால் சுற்றி மூடியைக் கட்டுகிறான். தன் உதட்டிலும் தாடியிலும் கைகளிலும் பென்சில் கரியைப் பூசிக்கொண்டு படுக்கிறான். காலையில் துணியில் கறையே இல்லை, தண்ணீரையும் காணோம். ஒரு குமாஸ்தாவுக்குத்தான் இப்படிச் சரிபார்க்கத் தோன்றும். இதை எழுதும்போது மோப்பசானுக்கு உடம்பில் நோய் ஏறியிருந்தது. 1893-இல், 42 வயதில், மனநோய் மருத்துவமனையில் இறந்தார். தன் புத்தி தன்னை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்துக்குத்தான் அவர் 'ஒர்லா' என்று பெயர் வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதும் முறையிலும் இந்தக் கதைகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே ஒரு பொய்க்குத்தான் அனுமதி: 'செத்தவர் எழுந்து வருவார்' என்பது. அதற்குப் பிறகு எல்லாம் கணக்கோடு இருக்க வேண்டும். அரிசி எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை நாள், சாவி யாரிடம், சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் என்ன வழி? மாக்ஸ் புரூக்ஸ் 2006-இல் எழுதிய 'வேர்ல்டு வார் இஸட்' முழுவதுமே ஓர் அறிக்கையின் மிச்சம்தான். போர் முடிந்து ஐ.நா. சபைக்கு அறிக்கை எழுதியவரிடம், "புள்ளிவிவரம் போதும், மனிதர்கள் சொன்னதெல்லாம் வேண்டாம்" என்று மேலதிகாரி பாதியை வெட்டிவிடுகிறார். வெட்டிய பாதிதான் நாவல். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மேலே அனுப்பும் அறிக்கையில் இடம் பெறாத விஷயங்கள் எத்தனையோ எங்கள் கோப்புகளிலும் இருந்தன.

கமுயுவின் 'லா பெஸ்த்' நாவலையும் இங்கே சொல்ல வேண்டும். 1947-இல் வந்தது. ஜோம்பி இல்லை, கொள்ளைநோய் உண்டு. அதில் கிராண் என்று பதவி உயர்வே பார்க்காத ஒரு நகராட்சி குமாஸ்தா. பகலில் சாவுக் கணக்கு எழுதுகிறார். இரவில் ஒரு நாவலின் முதல் வாக்கியத்தை மட்டும் திருத்தித் திருத்தி எழுதுகிறார். இந்தக் கதைக்குக் கதாநாயகன் ஒருவர் வேண்டுமென்றால் இவரை வைத்துக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் கமுயு சொல்லிவிடுகிறார். ஊர் அழியும்போது எழுதுவது ஒரு தப்பித்தல் என்று எனக்குத் தோன்றியதில்லை. கைக்குள் அடங்காததைக் கைக்குள் அடக்கிப் பார்க்கும் முயற்சி அது.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. என் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்தேன்.

என் அக்காவுக்கு இப்போது 84 வயது. அடுத்த தெருவில் மகன் வீட்டில் இருக்கிறாள். மூன்று வருடமாக நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து "வாடா" என்று கூப்பிட்டவள், இப்போது என்னைப் பார்த்து "வாங்க, உக்காருங்க, யாரைப் பாக்கணும்?" என்கிறாள். மரியாதையாக ஒரு சொல் வந்து இப்படி வலிக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவள் நன்றாகப் பூக்கட்டுவாள். இன்றும் கையில் பூ இல்லாமலே விரல்கள் கட்டிக்கொண்டிருக்கும்.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி ஒரு ஜோம்பிக் கதை எழுதுகிறாள். மருமகளுக்குக் கவலை. "மாமா, நீங்களாவது சொல்லுங்க, எப்பப் பாத்தாலும் பொணம், ரத்தம்னு எழுதிக்கிட்டு இருக்கா" என்றாள். வாங்கிப் படித்தேன். புதுச்சேரியே காலியாகிவிட்டது. ஒரு பெண் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஆறாம் நாள் தெருக்கதவுக்கு வெளியே அவள் பாட்டி வந்து நிற்கிறாள். கதவை இடிக்கவில்லை, கத்தவில்லை. விரல்கள் மட்டும் காற்றில் பூக்கட்டுகின்றன. பெண் மாடியிலிருந்து வாழைநாரை மெல்லக் கீழே இறக்குகிறாள். அந்த இடத்தில் கதை நிற்கிறது.

முதலில் குமாஸ்தா புத்தியில், "கரண்ட் இல்லேன்னா மோட்டார் ஓடாதும்மா. மேல்தொட்டி இரண்டு நாளில் காலி. ஆறு நாள் தண்ணிக்கு எங்கே போனா?" என்று கேட்டேன். "ஐயோ, ஆமா தாத்தா" என்று குறித்துக்கொண்டாள். பிறகுதான், "இது அத்தைப் பாட்டிதானே?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பாட்டி கடிச்சிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல தாத்தா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் எழுதறேன்" என்றாள்.

என் அக்கா ஜோம்பி அல்ல. அவள் மனுஷி; பசிக்கிறது, குளிர்கிறது, பாட்டுக் கேட்டால் தலையாட்டுகிறாள். பயம் அவளிடம் இல்லை, எங்களிடம் இருக்கிறது. அவளைப் பார்க்கப் போகும் வழியில் என் கால் தயங்குகிறதே, அந்தப் பயம். பேத்தியிடமும் அது இருந்திருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் எல்லோரும் அழுவோம். அதனால் பாட்டியைக் கதையில் வாசலில் நிறுத்தி, கதவுக்கு உள்ளே தான் நின்று, தள்ளி இருந்து பார்க்கிறாள். மேரி ஷெல்லி செய்ததும் வேறல்ல. ஹைத்தியின் உப்புக் கதையை அவளுக்குச் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

அதனால் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிணம், பிசாசு என்று எழுதினால் உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். படித்த பிறகு, யாரை நினைத்து எழுதினாய் என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.